உள்ளங்கை அளவு ஏட்டுத் துண்டு: மான்செஸ்டர் பாப்பிரஸ் தரும் பாடம்

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, சென்ற ஆண்டு தன் பள்ளிக்காக 'உலகின் பழைய நூல்கள்' என்ற தலைப்பில் ஒரு படத்தொகுப்புத் தயாரித்தாள். அதில் ஒட்டியிருந்த படங்களுள் ஒன்று, ஓரமெல்லாம் கிழிந்து பழுப்பேறிய ஒரு சிறு தாள். அதன் கீழே, "பைபிளின் மிகப் பழைய துண்டு, கி.பி. 125" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தாள். "125 என்று எப்படியம்மா தெரியும்? அதில் தேதி போட்டிருக்கிறதா?" என்று கேட்டேன். "இல்லை சார். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது" என்றாள்.

அவளைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை. காரணம் உண்டு. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் பொங்கல் விழா மேடையில் நம் இலக்கியங்களின் தொன்மையைப் பற்றி ஆண்டுக் கணக்குகளை அடுக்கி நான் பேசியிருந்தேன். இறங்கி வந்ததும் பக்கத்து வீட்டு வங்காளி நண்பர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நன்றாகப் பேசினீர்கள். ஆனால் அந்த ஆண்டுகளை எப்படிக் கணக்கிட்டார்கள்?" என்று கேட்டார். அவர் ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியர். குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை, அறிந்துகொள்ளவே கேட்டார். "அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள்" என்பதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. மாணவியின் விடையும் என் விடையும் ஒன்றுதானே?

அன்று முதல் அந்தப் பழுப்புத் துண்டைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். ஒரு பழைய ஏட்டை எவ்வாறு படிக்கிறார்கள், அதன் காலத்தை எவ்வாறு கணிக்கிறார்கள், எந்த இடத்தில் 'இதற்கு மேல் சொல்ல இயலாது' என்று நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சிறிய, இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. எச்சமயத்தவராயினும் நம் வீட்டுப் பிள்ளைகள் அறிந்துகொள்ளத் தக்க செய்தி என்பதால் இங்கே எழுதுகிறேன்.

சந்தையில் வாங்கிய ஏடுகள்

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகம் இருக்கிறது. பருத்தித் துணித் தொழிலில் பெரும் பொருளீட்டிய ஜான் ரைலண்ட்ஸ் என்பவரின் நினைவாக அவர் மனைவி என்ரிக்கெட்டா கட்டிய இந்நூலகம் 1900இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று அது மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது.

இந்த நூலகத்துக்காக 1920இல் பெர்னார்டு கிரென்ஃபெல் என்ற அறிஞர் எகிப்தில் பழம்பொருள் வணிகர்களிடமிருந்து பாப்பிரஸ் ஏடுகள் பலவற்றை விலைக்கு வாங்கினார். நைல் நதிக்கரையில் வளரும் ஒருவகைக் கோரையின் தண்டைப் பட்டை பட்டையாகச் சீவி, ஒரு வரிசையைப் படுக்கையாகவும் மறு வரிசையை அதன்மேல் குறுக்காகவும் வைத்து அழுத்தி உலர்த்தினால் கிடைப்பதே பாப்பிரஸ் தாள். ஈரம் பட்டால் மக்கிப் போகும். மழையே அரிதான எகிப்திய மணலில் புதைந்தால் இரண்டாயிரம் ஆண்டும் தாங்கும். பழைய கிரேக்க ஏடுகளுள் பெரும்பாலானவை எகிப்திலேயே கிடைத்ததற்கு இதுவே காரணம். அவை எகிப்தில் மட்டும்தான் எழுதப்பட்டன என்று கருதிவிடக் கூடாது; அங்குதான் அவை பிழைத்தன.

கிரென்ஃபெல் 1926இல் காலமானார். அவர் வாங்கிய ஏடுகள் பல படிக்கப்படாமலே கிடந்தன. 1934இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த காலின் ராபர்ட்ஸ் என்ற இளம் ஆய்வாளர் அவற்றைப் பிரித்து அடுக்கும்போது ஒரு துண்டில் சில கிரேக்கச் சொற்களைக் கண்டு நின்றார். அவை விவிலியத்தின் நான்காம் நற்செய்தியான யோவான் நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தைச் சேர்ந்தவை. 1935இல் அதை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அறிஞர் உலகில் இன்று இத்துண்டுக்கு 'பாப்பிரஸ் 52' என்று பெயர்.

இங்கே ஒரு வேடிக்கை. 1933இல்தான் 'சினாய்ட்டிகஸ்' எனப்படும் நான்காம் நூற்றாண்டு விவிலியப் பெருஞ்சுவடியைச் சோவியத் அரசிடமிருந்து ஒரு இலட்சம் பவுனுக்கு இங்கிலாந்து வாங்கியது. நாடே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், அதைவிடப் பழைய துண்டு ஒன்று மான்செஸ்டரில் யாரும் படிக்காமல் கிடந்தது.

துண்டில் என்ன இருக்கிறது?

துண்டின் அகலமான இடங்களில் அளந்தால் உயரம் 8.9 செ.மீ., அகலம் 6 செ.மீ. நாம் பணம் எடுக்கப் பயன்படுத்தும் வங்கி அட்டையைவிடச் சிறிதே பெரியது. இரண்டு பக்கமும் எழுத்து உண்டு. பக்கத்துக்கு 7 வரி. எந்த வரியும் முழுமையாக இல்லை. மொத்தமாக எஞ்சியவை நூற்றுக்குச் சற்று மேற்பட்ட எழுத்துகளே.

இயேசுவை உரோமானிய ஆளுநன் பிலாத்து விசாரிக்கும் காட்சி அது. முன்பக்கத்தில் 31 முதல் 33 வரையுள்ள வசனங்களின் பகுதிகள்: பிலாத்துவிடம் யூதர்கள் பேசுவதும், அவன் மாளிகைக்குள் சென்று இயேசுவை அழைத்து அரசுரிமை பற்றிக் கேட்பதும். பின்பக்கத்தில் 37, 38ஆம் வசனங்களின் பகுதிகள்: உண்மைக்குச் சான்று பகர வந்ததாக இயேசு கூறுவதும், பிலாத்து உண்மையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டு வெளியே செல்வதும்.

உண்மை எது என்ற பொருளில் பிலாத்து கேட்கும் அந்தக் கேள்வி உலகப் புகழ் பெற்றது. இத்துண்டைப் பற்றி எழுதுவோர் சிலர் அக்கேள்வியே இதில் இருப்பதுபோல் எழுதிவிடுகிறார்கள். துண்டைப் பார்த்தால் நிலைமை வேறு. 'அவரிடம் சொல்கிறான்' என்ற பொருள் தரும் இரு சொற்கள் ஒரு வரியின் கடைசியில் உள்ளன. அடுத்த வரியில் தாள் கிழிந்துபோய்விட்டது. 'இதை' என்ற சொல்லும் அதற்கு முன் ஓரிரு எழுத்துகளுமே அதில் மிச்சம். கேள்வி முழுவதும் காணாமற்போன பகுதியில் இருக்கிறது. மற்ற ஏடுகளின் துணையால் அது அங்கே இருந்திருக்கும் என்று நிரப்புகிறோம். அந்த நிரப்பல் நியாயமானதே. ஆயினும் கண்ணால் கண்டது வேறு, கணித்து நிரப்பியது வேறு. அறிஞர்கள் அச்சிடும்போது நிரப்பிய எழுத்துகளைப் பகர அடைப்புக்குள் இட்டுக் காட்டுவது இதற்காகத்தான்.

சுருளா, புத்தகமா?

அக்காலத்தில் கிரேக்க இலக்கிய நூல்களைப் பெரும்பாலும் பாய்போல் சுருட்டி வைக்கும் நீண்ட சுருள்களில்தான் எழுதினார்கள். சுருளில் வழக்கமாக உட்பக்கத்தில் மட்டுமே எழுத்து இருக்கும். இந்தத் துண்டிலோ முன்பக்கத்தில் நின்ற கதை பின்பக்கத்தில் தொடர்கிறது. இரண்டும் ஒரே கையெழுத்து. ஆகவே இது தாள்களை மடித்துத் தைத்த புத்தகத்தின் ஓர் இதழ் என்று உறுதியாகச் சொல்லலாம்.

இன்னொன்றும் தெரிகிறது. முன்பக்கத்தில் வரிகளின் தொடக்கமும் இடது ஓரவெளியும் உள்ளன. பின்பக்கத்தில் வரிகளின் முடிவும் வலது ஓரவெளியும் உள்ளன. மேலேயும் ஓரவெளி உண்டு. உங்கள் கையிலுள்ள இந்த இதழின் வலதுகைப் பக்கம் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். தைப்பை ஒட்டிய மேல் மூலையைக் கிழித்தால்தான் இப்படி அமையும்.

முன்பக்கத்தின் 7ஆம் வரிக்கும் பின்பக்கத்தின் முதல் வரிக்கும் இடையே எவ்வளவு வாசகம் விடுபட்டுள்ளது என்று யோவான் நற்செய்தியின் பிற பிரதிகளைக் கொண்டு கணக்கிட்டார் ராபர்ட்ஸ். அது ஏறத்தாழ 11 வரி. 7ஐயும் 11ஐயும் கூட்டினால் பக்கத்துக்கு 18 வரி. பக்கம் சுமார் 21 செ.மீ. உயரமும் 20 செ.மீ. அகலமும் இருந்திருக்கும். அந்த அளவில் யோவான் நற்செய்தி முழுவதையும் எழுத ஏறத்தாழ 130 பக்கங்கள் வேண்டும். வங்கி அட்டை அளவுள்ள ஒரு துண்டிலிருந்து ஒரு புத்தகத்தின் உருவமே கிடைத்துவிடுகிறது. இது ஊகம் அல்ல, கூட்டல் கழித்தல்.

காதில் விழுந்தபடி எழுதிய கை

நம் வகுப்பில் 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்றும், 'மழை' என்பதை 'மலை' என்றும் எழுதும் பிள்ளைகள் உண்டு. இந்தியும் ஆங்கிலமும் சூழ்ந்த ஊரில் ல, ள, ழ மூன்றும் ஒரே ஒலியாகக் காதில் விழுந்தால் எழுத்திலும் அப்படியே வந்துவிடுகிறது. பெற்றோர் வருந்துகிறார்கள். இந்தப் பழைய ஏட்டை எழுதியவரும் அதே இனத்தைச் சேர்ந்தவர் என்பதை அவர்களுக்கு ஆறுதலாகச் சொல்லலாம்.

கிரேக்கத்தில் எப்சிலான், அயோட்டா என்ற இரு எழுத்துகள் சேர்ந்து வருவது உண்டு. ஒரு காலத்தில் அந்த இணைக்கும் தனி அயோட்டாவுக்கும் ஒலி வேறுபாடு இருந்தது. இந்த ஏடு எழுதப்பட்ட காலத்தில் இரண்டும் 'ஈ' போலவே ஒலித்தன. எனவே ஏடெழுதியவர் 'எங்களுக்கு' என்று பொருள்படும் சொல்லில் தேவையில்லாத ஓர் எப்சிலானைச் சேர்த்துவிட்டார். மூன்று வரி கழித்து 'உள்ளே சென்றான்' என்ற சொல்லின் தொடக்கத்தில் இருக்க வேண்டிய எப்சிலானை விட்டுவிட்டார். ஓரிடத்தில் மிகுதி, ஓரிடத்தில் குறைவு. பொருள் சிறிதும் மாறவில்லை.

இத்தகைய பிழைகளை ஆய்வாளர் குற்றமாகக் கருதுவதில்லை. அக்கால மக்கள் எப்படி உச்சரித்தார்கள் என்பதற்கு இவையே சிறந்த சான்று. பிழையில்லாமல் எழுதும் புலவர் பழைய மரபைக் காட்டுகிறார். பிழையோடு எழுதுபவர் தம் காலத்தின் காதைக் காட்டுகிறார்.

வேறு சில கூறுகளையும் காணலாம். நிறுத்தக்குறிகள் இல்லை. இன்றுபோல் சொற்களை ஒழுங்காகப் பிரித்து எழுதும் முறை அக்காலத்தில் வழக்கமில்லை. சொல்லின் முதலில் வரும் அயோட்டாவின் தலைமேல் சில இடங்களில் இரு புள்ளிகள் இட்டிருக்கிறார்; புதிய ஒலி இங்கே தொடங்குகிறது என்று படிப்பவருக்குக் காட்டும் அடையாளம் அது. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமல் விட்டதால் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு, ஒரு புள்ளியின் அருமை தனியே சொல்லாமல் விளங்கும்.

எட்டு எழுத்தும் மூன்று எழுத்தும்

இனி இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வருவோம். கிழிந்துபோன இடத்தில் என்ன இருந்தது என்று கண்டறிய ஆய்வாளர் கையாளும் முறை மிக எளியது: எழுத்துகளை எண்ணுவது. ஒரே கை, ஒரே பக்க அகலம் என்றால் வரிக்கு ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் எழுத்துகள் அமையும் அல்லவா?

பின்பக்கத்தின் முதல் ஐந்து வரிகளை மற்றப் பிரதிகளின் துணையால் நிரப்பி எண்ணினால் முதல் வரிக்கு 33, மூன்றாம் வரிக்கு 30, நான்காம் வரிக்கு 28, ஐந்தாம் வரிக்கு 30 எழுத்துகள் வருகின்றன. இரண்டாம் வரிக்கு மட்டும் 38 வருகிறது. கணக்கில் எங்கோ இடிக்கிறது.

37ஆம் வசனத்தில் 'இதற்காக' என்ற பொருளுள்ள 'எய்ஸ் தூத்தோ' என்ற தொடர் இரண்டு முறை வருகிறது: பிறந்ததற்கு ஒருமுறை, உலகுக்கு வந்ததற்கு ஒருமுறை. கிரேக்க எழுத்தில் அது 3ம் 5மாக 8 எழுத்து. இரண்டாம் முறை வருவதை இந்த ஏடெழுதியவர் விட்டுவிட்டார் என்று கொண்டால் இரண்டாம் வரி 30 எழுத்தாகிறது. மற்ற வரிகளோடு ஒத்துப்போகிறது. ஒரே தொடர் அடுத்தடுத்து வரும்போது படியெடுப்பவரின் கண் தாவிவிடுவது எம்மொழி ஏட்டிலும் காணும் இயல்பு. அல்லது சுருக்கமாகச் சொன்னால் போதும் என்று அவர் எண்ணியிருக்கவும் கூடும். எப்படியாயினும் அத்தொடர் இங்கே ஒருமுறைதான் இருந்திருக்க வேண்டும் என்று ராபர்ட்ஸ் முடிவு செய்தார். இல்லாத இடத்தைக் கொண்டு இல்லாத சொல்லைக் கண்டுபிடித்த கதை இது.

இதே கணக்கை இன்னோர் இடத்தில் போட்டுப் பார்ப்போம். பழைய கிறித்தவ ஏடுகளில் இயேசுவின் பெயரை முழுதும் எழுதாமல் இரண்டு மூன்று எழுத்துகளாகச் சுருக்கி மேலே ஒரு கோடு இடும் வழக்கம் பரவலாக இருந்தது. இந்த ஏட்டிலும் அப்படி இருந்ததா? இந்த வழக்கம் எப்போது தொடங்கியது என்று அறிய இது முக்கியமான கேள்வி. முன்பக்கத்தில் அப்பெயர் இரண்டு முறை வர வேண்டும். இரண்டு முறையும் கிழிந்த பகுதியில்தான் விழுகிறது. எண்ணிப் பார்த்தால் முன்பக்கத்தின் முதல் நான்கு வரிகள் 31 முதல் 35 எழுத்து வரை உள்ளன. அப்பெயர் வரும் இரண்டாம் வரியில் பெயரை முழுதும் எழுதினால் 34. இரண்டெழுத்தாகச் சுருக்கினால் 31. வேறுபாடு மூன்றே எழுத்து. இரண்டும் பொருந்துகின்றன. சுருக்கம் இல்லை என்று ராபர்ட்ஸ் கருதினார். அவருக்குப் பின் வந்தோர் இரு கட்சியாக நின்று வாதாடியிருக்கிறார்கள். துண்டு மௌனமாக இருக்கிறது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முறை ஒன்றே. எட்டு எழுத்து வேறுபாடு ஒரு விடையைத் தருகிறது. மூன்று எழுத்து வேறுபாடு தரவில்லை. ஒரே அளவுகோல் ஓரிடத்தில் பேசும், ஓரிடத்தில் பேசாது. பேசாத இடத்தில் அதைப் பேச வைக்காமல் இருப்பதுதான் கல்வி.

காலத்தை எப்படிக் கணித்தார்கள்?

மாணவியின் சிவப்பு மை எழுத்துக்கு இப்போது வரலாம். துண்டில் தேதி இல்லை. கரிமச் சோதனை செய்ய வேண்டுமானால் ஏட்டில் ஒரு பகுதியை எரித்தாக வேண்டும். அப்போதும் கிடைப்பது ஓர் ஆண்டு அல்ல, நீண்ட கால எல்லைதான். எனவே ராபர்ட்ஸ் எழுத்தின் வடிவத்தை நம்பினார்.

நம் தாத்தா காலத்துக் கடிதத்தையும் நம் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தையும் பார்த்தவுடனே எது பழைய கை என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா? அதே வழிதான். எகிப்தில் கிடைத்த கடன் பத்திரம், மனு, கடிதம் ஆகியவற்றுள் பலவற்றில் ஆண்டு குறிக்கப்பட்டிருக்கிறது. அவற்றின் எழுத்துகளோடு இத்துண்டின் எழுத்துகளை ராபர்ட்ஸ் ஒப்பிட்டார். கி.பி. 94ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றும் அவற்றுள் அடங்கும். கெனியன், பெல், ஷூபார்ட் போன்ற மூத்த அறிஞர்களிடமும் காட்டினார். இரண்டாம் நூற்றாண்டின் முதற்பாதி என்ற அவர் கருத்தை அவர்கள் ஏற்றார்கள். ராபர்ட்ஸ் சொன்னது ஐம்பது ஆண்டு எல்லை. பிற்காலப் புத்தகங்கள் அதைச் சுருக்கி 'ஏறத்தாழ 125' என்றன. பிறகு 'ஏறத்தாழ' என்ற சொல்லும் உதிர்ந்துவிட்டது.

ஏன் இந்த அவசரம்? 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் டூபிங்கனைச் சேர்ந்த பௌர் என்ற அறிஞர், யோவான் நற்செய்தி இரண்டாம் நூற்றாண்டின் பின்பாதியில்தான் இயற்றப்பட்டது என்று வாதிட்டிருந்தார். அதற்கு மறுப்பாக இந்தத் துண்டு உயர்த்திப் பிடிக்கப்பட்டது. பிரதி எகிப்துக்கே 125இல் வந்துவிட்டது என்றால் மூலம் அதற்கும் முந்தியதாக இருக்க வேண்டுமே! வாதத்தில் வெல்ல உதவும் எண் எப்போதும் வேகமாகப் பரவும்.

பின்னர் நிலைமை மாறத் தொடங்கியது. ராபர்ட்ஸ் ஒப்பிட்ட ஏடுகளுள் 'எகர்ட்டன் பாப்பிரஸ்' என்ற ஒன்று உண்டு. அதன் காலமும் எழுத்தமைதியைக் கொண்டு கணிக்கப்பட்டதே. அதே ஏட்டின் மற்றொரு துண்டு ஜெர்மனியின் கொலோன் நகரில் அடையாளம் காணப்பட்டு 1987இல் வெளியிடப்பட்டது. இரு மெய்யெழுத்துகளுக்கு இடையே இடும் ஒரு சிறு குறி அதில் இருந்தது; அக்குறி மூன்றாம் நூற்றாண்டில்தான் பெருவழக்காயிற்று. ஆகவே எகர்ட்டன் ஏட்டைப் பலர் கி.பி. 200ஐ ஒட்டி நகர்த்தினார்கள். சாய்ந்து நின்ற சுவர் நகர்ந்தால் சாய்ந்திருந்தவர் என்ன ஆவார்?

2005இல் பிரென்ட் நோங்பிரி என்ற ஆய்வாளர் தேதியுள்ள ஏடுகளை மீண்டும் ஒப்பிட்டு, இத்தகைய எழுத்து வடிவங்கள் இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்கூடக் காணப்படுகின்றன என்று காட்டினார். 2012இல் ஓர்சினி, கிளாரிஸ் என்ற இருவர் 125 முதல் 175 வரை என்று கணித்தார்கள். எழுத்து நடை மெதுவாக மாறுவது. ஒருவர் இருபது வயதில் கற்ற கையெழுத்தை அறுபது வயதிலும் எழுதுவார். ஆகவே எழுத்தைக் கொண்டு கூறும் காலம் ஓர் எல்லையாக இருக்கலாமே தவிர, ஓர் ஆண்டாக இருக்க முடியாது.

எல்லை விரிந்ததால் துண்டின் மதிப்புக் குறைந்துவிட்டதா? இல்லை. யோவான் நற்செய்தியின் கிடைத்துள்ள மிகப் பழைய பிரதிகளுள் ஒன்றாகவே அது இன்றும் மதிக்கப்படுகிறது. எஞ்சியுள்ள வரிகளின் அளவில் அதன் வாசகம், எழுத்துப் பிழைகளும் அந்த எட்டு எழுத்தும் நீங்கலாக, நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட பெருஞ்சுவடிகளோடு ஒத்திருக்கிறது. நிகழ்ச்சி நடந்ததா என்பதற்கு அது சாட்சியல்ல; நூல் எவ்வாறு படியெடுக்கப்பட்டு வந்தது என்பதற்குச் சாட்சி. தன்னால் தாங்கக்கூடிய சுமையை மட்டும் ஏற்றினால் அது இன்னும் பல காலம் தாங்கும்.

அதே மண், அதே தாள்

நமக்கு நெருங்கிய ஏடு ஒன்றுக்கும் இந்த நியாயம் பொருந்தும். ஆஸ்திரியாவின் வியன்னாவில் தேசிய நூலகத்தில் 'முசிறிப் பாப்பிரஸ்' இருக்கிறது. இதுவும் எகிப்திலிருந்து கிடைத்தது. இதுவும் கிரேக்க மொழியில் அமைந்தது. இதுவும் இரு பக்கமும் எழுதப்பட்டது. சங்கப் பாடல்கள் குறிப்பிடும் சேரநாட்டு முசிறித் துறைமுகத்தோடு நடந்த வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம் ஒரு பக்கம்; 'ஹெர்மாபோலோன்' என்ற கப்பலில் வந்த சடாமாஞ்சி, தந்தம் முதலிய சரக்குகளின் மதிப்புக் கணக்கு மறு பக்கம். 1985இல் வெளியிடப்பட்ட இவ்வேட்டை இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டியது என்பர்.

நம் மேடைகளில் இதைப் பெருமையோடு சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் இதிலும் தொடக்கப் பகுதி கிழிந்துவிட்டது. மான்செஸ்டர் துண்டுக்கு 'ஏறத்தாழ' வேண்டும் என்று கேட்பவர்கள் வியன்னா ஏட்டுக்கும் அதே 'ஏறத்தாழ'வைச் சொல்லிப் பழக வேண்டும். அடுத்தவர் பெருமைக்கு ஓர் அளவுகோல், நம் பெருமைக்கு ஓர் அளவுகோல் என்று வைத்துக்கொண்டால் பக்கத்து வீட்டு நண்பர்கள் மரியாதைக்காகக் கை தட்டுவார்களே தவிர, நம்ப மாட்டார்கள்.

வீட்டில் செய்து பார்க்க

விடுமுறை நாளில் பிள்ளைகளோடு இதைச் செய்து பார்க்கலாம். வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், ஒரு தமிழ்க் கதையின் பகுதியை ஒரே அகலமுள்ள தாளில் முன்பக்கம் 18 வரி, பின்பக்கம் 18 வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஓரிடத்தில் ஒரு சொல்லை வேண்டுமென்றே விட்டுவிடச் சொல்லுங்கள். பிறகு மேல் மூலையில் 7 வரி வருமாறு ஒரு துண்டைக் கிழித்து, அதை மட்டும் பிள்ளைகளிடம் கொடுங்கள். கதைப் புத்தகத்தையும் கொடுங்கள். பக்கத்துக்கு எத்தனை வரி? விடுபட்ட சொல் எது? எழுத்துகளை எண்ணி அவர்களே கண்டுபிடிக்கட்டும். எண்ணிக்கை விடை தராத இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதுவதற்கும் மதிப்பெண் உண்டு.

அந்த மாணவி தன் படத்தொகுப்பைத் திருத்திவிட்டாள். சிவப்பு மையில் எழுதிய எண்ணை அடித்துவிட்டு, "எழுத்து வடிவத்தைக் கொண்டு கி.பி. 2ஆம் நூற்றாண்டு என்பர்; சிலர் 3ஆம் நூற்றாண்டின் தொடக்கமாகவும் இருக்கலாம் என்பர்" என்று நீல மையில் எழுதினாள். அழகு சற்றுக் குறைந்துதான் போயிற்று. ஆனால் யார் வந்து "எப்படித் தெரியும்?" என்று கேட்டாலும் இப்போது அவளால் பதில் சொல்ல முடியும்.

வரும் பொங்கல் விழாவில் எனக்கும் மேடையில் சில நிமிடங்கள் கேட்டிருக்கிறேன். பௌதிக ஆசிரியரையும் அழைத்திருக்கிறேன்.